எல்-1பியில் போய் மேலாளரானவர்: ஐந்தாண்டு வரம்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையை ஒட்டி இயங்கும் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் பொறியியல் மையத்தில், வெளிநாட்டுப் பணிமாற்றங்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். 2018இல் இங்கிருந்து அமெரிக்கத் தலைமை நிறுவனத்துக்கு மாற்றலாகிப் போன ஒரு பொறியாளரின் விசா விவகாரம் 2022 அக்டோபர் கடைசியில் எங்கள் மேஜைக்கு வந்தது. அது எப்படி அந்த நிலைக்கு வந்தது, என்ன முடிவுகள் எடுத்தோம், எதனால் எடுத்தோம் என்பதைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி: ஏ, பி என்று இரண்டு

ஒரே குழும நிறுவனத்துக்குள் ஊழியரை அமெரிக்காவுக்கு மாற்றுவதற்காக 1970இல் சட்டத்தில் வந்தது எல்-1 பிரிவு. இதில் எச்-1பி வேலை விசாவுக்கு இருப்பதுபோல ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை, குலுக்கலும் இல்லை. அதனால்தான் நிறுவனங்களுக்கு இதன்மேல் அத்தனை பிரியம். போகிறவர் முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாக அதே குழுமத்தின் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். மேலாளராகவோ நிர்வாகியாகவோ போனால் எல்-1ஏ, மொத்தம் ஏழு ஆண்டு இருக்கலாம். நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவு கொண்டவராகப் போனால் எல்-1பி, ஐந்து ஆண்டு.

இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. எல்-1பியில் போனவர் அங்கேயே மேலாளராக உயர்ந்தால் ஏழாண்டுக் கணக்குக்கு மாற முடியும். ஆனால் விதி இரண்டு நிபந்தனை வைக்கிறது. பதவி மாறும்போதே திருத்த மனு, புது மனு அல்லது நீட்டிப்பு மனு வழியாக அந்த மாற்றத்துக்குக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் இருக்க வேண்டும். அப்புறம், குறைந்தது ஆறு மாதம் அந்த மேலாளர் பதவியில் வேலை பார்த்திருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த பதவி உயர்வுக் கடிதம் மட்டும் இதற்குச் செல்லாது.

2018 முதல் 2020 வரை

இவர் எங்கள் சென்னை மையத்தில் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்கான காலிபரேஷன் பொறியாளர், அதாவது இன்ஜினை இயக்கும் கணினிக்கு வேண்டிய அளவுகளைச் சரிப்படுத்தித் தருபவர். பல ஊழியர்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவைக்கும் பிளாங்கெட் எல் ஒப்புதல் நிறுவனத்துக்கு இருந்ததால், தனி மனு போடாமல் ஐ-129எஸ் படிவத்தோடு நேராகத் தூதரகத்துக்குப் போகலாம். 2010 டிசம்பரில் இந்தியாவின் பிளாங்கெட் எல் விண்ணப்பங்களையெல்லாம் சென்னைத் துணைத் தூதரகத்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே ஜெமினி பாலத்துப் பக்கம் இது பழகிப்போன காட்சிதான். 2018 ஜனவரியில் இன்டர்வியூ முடிந்தது. மார்ச் 10ஆம் தேதி மனைவியோடும் மகளோடும் மிச்சிகனில் போய் இறங்கினார்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஐந்து ஆண்டுக்கு, 2023 ஜனவரி வரை. ஐ-129எஸ் படிவத்தில் இருந்தது மூன்று ஆண்டு. எதுவரை தங்கலாம் என்று எல்லையில் தரும் ஐ-94 பதிவும் அதே 2021 ஜனவரி வரைதான். விசாவில் ஐந்தைப் பார்த்துவிட்டு ஐ-94ஐ மறந்து, கெடு தாண்டித் தங்கியவர்கள் உண்டு. இவர் அந்த வகை இல்லை. எல்லாத் தேதியையும் ஒரு எக்செல் தாளில் வைத்திருந்தார். பின்னால் அந்தத் தாள்தான் பெரிதும் கை கொடுத்தது.

2020 ஜனவரியில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டு பேர் மிச்சிகனில், நான்கு பேர் சென்னையில் என்று ஆறு பொறியாளர்கள் கொண்ட குழுவுக்கு மேலாளர். சம்பளம் உயர்ந்தது, பே ஸ்லிப்பில் பதவிப் பெயர் மாறியது. மனு மாறவில்லை.

அடுத்து வந்தது நீட்டிப்பு. 2020 இலையுதிர் காலத்தில் வழக்கறிஞர் அலுவலகம் வழக்கமான கேள்வித்தாளை அனுப்பியது. ‘முந்தைய மனுவுக்குப் பிறகு பணியில் மாற்றம் உண்டா?’ என்ற கேள்விக்கு அமெரிக்க அலுவலகத்து மனிதவளத் துறை ‘இல்லை’ என்று குறித்து அனுப்பிவிட்டது. புராஜெக்ட் மாறவில்லையே என்பது அவர்கள் நினைப்பு.

அந்தச் சமயத்தின் சூழலையும் சொல்ல வேண்டும். மார்ச்சிலிருந்து தூதரகங்கள் மூடிக் கிடந்தன. ஜூன் 22 அன்று வந்த அதிபர் பிரகடனம், செல்லுபடியாகும் விசா இல்லாமல் வெளியே இருந்த எல்-1, எச்-1பி ஆட்கள் உள்ளே வருவதை நிறுத்தியிருந்தது. முன்பு ஒப்புதல் கொடுத்த மனுவை நீட்டிக்கும்போது பழைய முடிவை மதிக்கும் வழக்கத்தை 2017 அக்டோபரிலேயே கைவிட்டிருந்தார்கள். அது திரும்ப வந்தது 2021 ஏப்ரலில். ஆகவே ‘இருக்கிறபடியே நீட்டிப்போம், எதையும் கிளற வேண்டாம்’ என்பதுதான் அன்று பல நிறுவனங்களின் மனநிலை. யாராவது உட்கார்ந்து யோசித்து அப்படி முடிவெடுத்திருந்தால்கூட நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே யாரும் யோசிக்கவே இல்லை என்பதுதான் வித்தியாசம். நீட்டிப்பு எல்-1பியாகவே 2023 ஜனவரி வரை கிடைத்தது. மேலாளர் என்று காட்டியிருக்கக்கூடிய வாய்ப்பு அத்தோடு போனது.

2022 அக்டோபர்: என்ன தெரிந்தது

க்ரீன் கார்டு பற்றி விசாரிக்கத்தான் முதலில் எங்களை அழைத்தார். கோப்பைத் திறந்து பார்த்ததும் நிலைமை புரிந்தது. அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“மேடம், என் லெட்டர்ல மேனேஜர்னுதானே இருக்கு? பே ஸ்லிப்லயும் அதான். அப்புறம் எப்படி நான் இன்னும் பி?” என்று கேட்டார்.

லெட்டர் நம்ம கம்பெனி கொடுத்தது சார், பி என்பது அவங்க கொடுத்தது என்று சொன்னேன். அதற்குமேல் அந்த அழைப்பில் அவர் அதிகம் பேசவில்லை.

கையில் இருந்த காலத்தைக் கணக்கிட்டோம். ஐ-94 ஜனவரியில் முடிகிறது. ஆனால் ஐந்தாண்டு வரம்பு ஐ-94ஐ வைத்து ஓடுவதில்லை, அமெரிக்க மண்ணில் இருந்த நாள்களை வைத்து ஓடுகிறது. அவர் போய் இறங்கியது 2018 மார்ச் 10. ஆக 2023 மார்ச் 10 வரை கணக்கு வரும். அது போக, இடையில் ஊருக்கு வந்த நாள்களைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். அதிலும் முழுதாக வெளியே இருந்த நாள் மட்டுமே சேரும். விமானம் ஏறிய நாளும் திரும்பி இறங்கிய நாளும் சேராது. அவருடைய எக்செல் தாளையும், பாஸ்போர்ட் முத்திரைகளையும், ஐ-94 தளத்தில் இருந்த பயணப் பட்டியலையும், மின்னஞ்சலில் தேடி எடுத்த போர்டிங் பாஸ்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பயணமாகச் சரிபார்த்தோம். ஒரு பயணத்தில் மட்டும் தாளுக்கும் முத்திரைக்கும் ஒரு நாள் இடித்தது. டெட்ராய்ட்டில் நள்ளிரவு தாண்டி இறங்கியிருக்கிறார். முத்திரையில் இருந்ததையே எடுத்துக்கொண்டோம். மொத்தம் 92 நாள் தேறியது. வரம்பு 2023 ஜூன் 10க்கு நகர்ந்தது.

அதிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கிப் போனால் டிசம்பர் 10. அதற்குள் எல்-1ஏ ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். இருந்தது ஆறு வாரம்.

முதல் முடிவு: திருத்த மனு

போடலாமா வேண்டாமா என்பதில் விவாதம் இல்லை. ஐ-94 எப்படியும் ஜனவரியில் முடிகிறது, ஏதோ ஒரு மனு போட்டாக வேண்டும். எல்-1பியாகவே, வெளியே இருந்த நாள்களை மட்டும் திரும்பக் கேட்பதா, எல்-1ஏவாக மாற்றக் கேட்பதா என்பதுதான் கேள்வி. வழக்கறிஞர் இரண்டாவதைப் பரிந்துரைத்தார். ஆறு மாதக் கணக்கு கிடைக்காமல் போனாலும், இவர் மேலாளர் என்பது அரசு ஆவணத்தில் ஏறினால் பின்னால் உதவும் என்பது அவர் வாதம். விரைவு முடிவுக்கான பிரீமியம் பிராசஸிங்குக்கு அன்றைய கட்டணம் 2,500 டாலர், கட்டினால் 15 நாளில் பதில் வரும் என்று இருந்தது.

மனுவின் உயிர் பணி விவரத்தில் இருக்கிறது. எங்களுக்கு நேரம் போனது அதில்தான். குழுவின் நேரடி மேற்பார்வையாளர் என்பதால் மட்டும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் மேலாளர் ஆகிவிடுவதில்லை. அவருக்குக் கீழே இருப்பவர்கள் தொழில்முறைப் பட்டம் தேவைப்படும் பணியில் இருக்க வேண்டும். ஆறு பேரும் பொறியாளர்கள் என்பதால் அது சரி. ஆனால் அவர் தன் நேரத்தைப் பிரித்து எழுதித் தந்த முதல் வரைவில் ‘காலிபரேஷன் தரவு, 35 சதவீதம்’ என்று ஒரு வரி இருந்தது. வழக்கறிஞர் அந்த ஒரு வரியிலேயே நின்றார். தரவை இவர் உருவாக்குகிறாரா, மற்றவர் உருவாக்கியதைப் பார்த்து ஒப்புதல் தருகிறாரா? யோசித்துவிட்டு இவர் சொன்ன பதில் நேர்மையானது: 2021 நடுப்பகுதி வரை தானே உட்கார்ந்து செய்தார், அதற்குப் பிறகு சென்னைக் குழு செய்கிறது, இவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். அப்படியே எழுதினோம். கையெழுத்திட்ட வெளியீட்டுக் குறிப்புகள், விடுப்பு ஒப்புதல்கள், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், ஆறு பேரின் பட்டச் சான்றிதழ் எல்லாம் சேர்த்தோம். நவம்பர் 21 அன்று மனு போனது.

டிசம்பர் 5 அன்று பதில் வந்தது. ஒப்புதல் இல்லை, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இ. குழுவில் நால்வர் கடல் கடந்து இருக்கும்போது மிச்சிகனில் இவர் யாரை நிர்வகிக்கிறார், அன்றாட வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் முக்கியக் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. வெளிநாட்டுக் கிளையில் இருப்பவர்கள் செய்யும் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2016இலேயே குடியேற்றத் துறை ஏற்றுக்கொண்ட மேல்முறையீட்டு அலுவலக முடிவு ஒன்று இருப்பதால் வழக்கறிஞர் பயப்படவில்லை. ஆனால் டிசம்பர் 10 கைவிட்டுப் போனது. ஆர்எஃப்இக்குப் பதில் போய்ச் சேர்ந்த பிறகு 15 நாள் புதிதாகத் தொடங்கும். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. 2023 ஜனவரி 24 அன்று ஒப்புதல் வந்தது: எல்-1ஏ, ஜூன் 10 வரை.

ஆக அவர் இப்போது காகிதத்திலும் மேலாளர். ஆனால் ஆறு மாதம் நிறைய ஜூலை 24 ஆகும். ஆறு வாரம் குறைகிறது.

மனைவியின் வேலை

இது எங்கள் கோப்பில் இல்லாத பக்கம், வீட்டில் மிகவும் வலித்த பக்கம். 2021 நவம்பரில் ஏற்பட்ட வழக்குச் சமரசத்துக்குப் பிறகு எல்-1 ஊழியரோடு எல்-2 விசாவில் வரும் வாழ்க்கைத்துணைக்குத் தனி வேலை அட்டை தேவையில்லை, ஐ-94இல் எல்-2எஸ் என்று இருந்தால் போதும். மனைவி அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தார். மனு நிலுவையில் இருக்கும்போது 240 நாள் வரை வேலையைத் தொடரலாம் என்ற சலுகை கணவருக்கு உண்டு, மனைவிக்குக் கிடையாது. ஜனவரியில் அவருடைய ஐ-94 முடிந்தது. அவருக்கான நீட்டிப்பு மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட வாரங்கள் சம்பளமில்லா விடுப்பு.

அவர் பெயரில் எச்-1பி குலுக்கலில் பதிவு செய்யச் சொன்னது வழக்கறிஞர்தான். எல்-2இல் இருந்த காலம் எச்-1பியின் ஆறாண்டுக் கணக்கில் சேராது, ஆகவே அவருக்குக் கிடைத்தால் முழு ஆறு ஆண்டு, கணவர் எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4இல் போகலாம். அந்த மார்ச்சில் 85,000 இடத்துக்கு 7,80,884 பதிவுகள். இவர் பெயர் வரவில்லை.

இரண்டாம் முடிவு: திரும்புவது

பிப்ரவரியிலிருந்தே மூன்று யோசனைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கணவருக்கே எச்-1பி போடலாம் என்பது ஒன்று. எல்-1இல் இருந்த காலம் எச்-1பி ஆறாண்டில் கழியும். மிஞ்சுவது ஓராண்டு, அதுவும் குலுக்கலில் விழுந்து அக்டோபரில்தான் தொடங்கும். விட்டுவிட்டோம். க்ரீன் கார்டு வேலையைத் தொடங்கி அதைக் காட்டி நீட்டிக்கலாமே என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். அந்தச் சலுகை எச்-1பிக்கு உண்டு, எல்-க்குக் கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

மூன்றாவது யோசனை பிசினஸ் பிரிவிலிருந்து வந்தது, கொஞ்சம் சாமர்த்தியமானது. ஆறு வாரம் அவரைச் சென்னைக்கு அனுப்புங்கள், வெளியே இருக்கும் நாளில் ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடாது, ஆறு மாதமும் நிறைந்துவிடும் என்றார்கள். கடிகாரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஆறு மாதக் கணக்கில் அந்தச் சென்னை வாரங்களை அதிகாரி சேர்ப்பாரா என்பது வாதத்துக்கு உரியது, வரம்பு முடிந்த பிறகு மனு நிராகரிக்கப்பட்டால் அதற்குப் பிறகு அங்கே இருப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்றார் வழக்கறிஞர். பள்ளி போகும் பெண் குழந்தையையும், 2019இல் அங்கேயே பிறந்த மகனையும் வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டத்துக்கு அவர் தயாராக இல்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

திரும்புவதில் ஒரு லாபம் இருந்தது. வரம்பு தீர்ந்தவர் ஓராண்டு அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எல்-1 கணக்கு புதிதாகத் தொடங்கும். அதோடு, பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கான இபி-1சி க்ரீன் கார்டுக்கு, வெளிநாட்டில் ஓராண்டு மேலாளராகவே இருந்திருக்க வேண்டும். 2018இல் பொறியாளராகப் போனவருக்கு அந்தத் தகுதி இல்லை. சென்னையில் இருக்கும் ஓராண்டு அதையும் தந்துவிடும். மார்ச் கடைசியில் முடிவாயிற்று.

சென்னையில் ஓராண்டு

ஜூன் 8 அன்று கிளம்பினார்கள். மகளின் பள்ளி ஆண்டு முடிய ஒரு வாரம் இருந்தது. மகன் அமெரிக்கக் குடிமகன் என்பதால் இங்கே இருக்க, வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டியிருந்தது. மகள் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் ‘அ’விலிருந்து தொடங்கினாள். மனைவியை இந்தியாவிலிருந்து வேலை செய்ய அவருடைய நிறுவனம் அனுமதிக்கவில்லை. இங்கே வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

நாங்கள் கவனமாக இருந்தது இரண்டு விஷயங்களில். முதலாவது, அவரை உடனடியாக இந்திய நிறுவனத்தின் பேரோலுக்கு மாற்றி, பதவிக் கடிதத்திலும் நிறுவன அமைப்புப் படத்திலும் மேலாளர் என்பதை முதல் நாளிலிருந்தே தெளிவாக வைத்தோம். இரண்டாவது, பயணம். அந்த ஓராண்டில் வணிக வேலையாகச் சில நாள் அமெரிக்கா போய்வந்தால் ஆண்டு அறுபட்டுவிடாது, ஆனால் அந்த நாள்கள் கணக்கில் சேராது. 2024 ஜனவரியில் மிச்சிகன் தரப்பு பத்து நாள் நேரில் வரச் சொல்லி மிகவும் கேட்டது. மறுத்துவிட்டோம். பத்து நாளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். சேர்க்கலாம்தான். ஆனால் அங்கே போய் என்ன வேலை செய்தார் என்று பின்னால் ஒரு அதிகாரி கேட்டால் அதற்கு ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். அந்த வேலை வீடியோ அழைப்பில் முடிந்தது.

2024 ஜூலையில் எல்-1ஏ மனு போட்டோம். இந்த முறை பிளாங்கெட் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. பிளாங்கெட்டில் தூதரகக் கவுன்ட்டரில் சில நிமிடத்தில் அதிகாரி முடிவு எடுக்கிறார். ஐந்தாண்டு முழுதாக எல்-1இல் இருந்து தீர்த்தவர், பியிலிருந்து ஏவுக்கு மாறியவர், ஓராண்டு வெளியே இருந்தவர் என்ற வரலாற்றைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தனி மனுவில் அதெல்லாம் எழுத்தில் இருக்கும். ஆகஸ்டில் ஒப்புதல், செப்டம்பரில் சென்னையிலேயே விசா ஸ்டாம்பிங். இன்டர்வியூவில் அவரிடம் கேட்டது உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்பது மட்டும்தான். அக்டோபரில் அவர் மிச்சிகன் போனார், ஐ-94 மூன்று ஆண்டுக்கு. மகளின் பள்ளி ஆண்டுக்காக மனைவியும் பிள்ளைகளும் 2025 ஏப்ரல் வரை சென்னையிலேயே இருந்தார்கள். இபி-1சி மனு 2025 தொடக்கத்தில் போடப்பட்டது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிரிவிலும் வரிசை உண்டு, காத்திருக்கிறார்.

என்ன மாற்றினோம்

எல்-1பியில் இருப்பவருக்குப் பதவி உயர்வுக் கடிதம் போவதற்கு முன் வழக்கறிஞர் பார்க்க வேண்டும் என்று மென்பொருளிலேயே தடை வைத்துவிட்டோம். மனிதவளத் துறை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எங்கள் ஒப்புதல் இல்லாமல் கடிதம் வெளிவராது. நீட்டிப்புக் கேள்வித்தாளை இப்போது நேரடி மேலதிகாரியும் ஊழியரும்தான் நிரப்புகிறார்கள், அதில் ‘பணியில் மாற்றம் உண்டா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு ‘இன்று உங்களிடம் விடுப்பு கேட்கிறவர்கள் யார்’ என்று போட்டிருக்கிறோம். யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாத கேள்வி. வெளியே போன நாள்களின் கணக்கை ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஆதாரத்தோடு வாங்கி வைக்கிறோம்.

இதில் எல்லாருக்கும் திருப்தி இல்லை. பதவி உயர்வு இரண்டு மாதம் தள்ளிப்போவதைப் பிசினஸ் பிரிவு விரும்பவில்லை. மூன்றாண்டு முடியும் முன்பே மேலாளராக்கலாமா, நீட்டிப்போடு சேர்த்துச் செய்யலாமா என்பதில் ஒவ்வொரு முறையும் இழுபறிதான்.

2022 கடைசியில் அமெரிக்காவில் இருந்த எங்கள் எல்-1பி ஆட்களின் கோப்புகள் முழுவதையும் எடுத்துப் பார்த்தபோது, இதே நிலையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இருவருக்கு ஓராண்டுக்கு மேல் மிச்சம் இருந்ததால் உடனே திருத்த மனு போட்டு எல்-1ஏ வாங்கினோம். மூன்றாமவரின் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேர் பட்டயப் படிப்பு முடித்த டெக்னீஷியன்கள். அவரை மேலாளர் என்று காட்ட முடியாது என்றார் வழக்கறிஞர். அவர் ஐந்தாண்டு முடிந்ததும் திரும்பி வந்து இப்போது எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் வேலை பார்க்கிறார்.